படம் அருமை என்கிறார்கள், புக்கிங் வருவதில்லை

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு புகைப்படக் கலைஞர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

பன்னிரண்டு வருடமாகத் திருமணம், குடும்பப் படம், குழந்தைப் படம் எடுத்து வருபவர். ஒன்றரை வருடம் முன்பு ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்துச் சொந்தமாக இணையதளம் செய்துகொண்டார். கறுப்புப் பின்னணி, லோகோ மெல்ல விரியும் நுழைவுப் பக்கம், பின்னணி இசை, பக்கவாட்டில் நகரும் கேலரி, மொத்தம் 214 படங்கள். தொழிலில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். புது வாடிக்கையாளர்கள்தான் வரவில்லை. படிவம் வழியாக மாதத்துக்கு ஒன்றிரண்டு விசாரிப்பு வந்தாலே அதிகம். போன மாதம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், தங்கையின் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று இந்தத் தளத்தின் முகவரியை அவளுக்கு அனுப்பியிருக்கிறார். தங்கை வேறொருவரை புக் செய்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்: “படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க தேதிக்கு அவர் வருவாரா, எவ்வளவு ஆகும், ஒண்ணுமே புரியலை.”

இவர் கேட்பது மூன்று. வடிவமைப்பாளர் “புது லுக்” செய்து தருவதாக மறுபடி ஒரு தொகை கேட்கிறார், தளத்தை முழுவதுமாக மாற்ற வேண்டுமா? கட்டணத்தை வெளியே போட்டால் வருகிற ஆளும் ஓடிவிட மாட்டாரா? திருட்டுக்குப் பயந்து படத்தின் நடுவில் வாட்டர்மார்க்காகப் போட்டிருக்கும் லோகோவை எடுக்கலாமா? இவற்றோடு, போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறார். ஒரு தாய் தன் மகளின் படத்தைத் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. “நான் எடுத்த படம்தானே” என்று இவர் அப்படியே விட்டிருக்கிறார். தளத்தின் டொமைன், அதாவது இணைய முகவரி, வடிவமைப்பாளர் பெயரிலேயே இருக்கிறது. கேள்விகளை விட இந்த இரண்டு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. அவற்றுக்கும் வருகிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தளத்தை முதலில் மடிக்கணினியில் பார்த்தேன். மழை வழியும் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் மணப்பெண் சிரிக்கும் அந்தப் படத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வேலை தெரிந்தவர் நீங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் தள வடிவமைப்புத் தொழிலில் பதினாறு வருடமாக இருப்பவள், தளங்களைப் பொறுமையாகப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். என் கருத்தை வைத்து நீங்கள் எதுவும் முடிவு செய்யக் கூடாது. அதனால் எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் பெண்ணிடம் கொடுத்தேன். அவளுக்கு நான்கு மாதத்தில் கல்யாணம், புகைப்படக்காரர் தேடிக்கொண்டிருக்கிறாள். “இவரைப் பார், பிடித்திருந்தால் சொல்” என்றதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தன் போனில் திறந்தாள். கறுப்புத் திரையில் லோகோ விரிந்தது. விரிந்து முடிந்ததும் அப்படியே நின்றது. அவள் காத்திருந்தாள், ஏதோ வரும் என்று. ஏழெட்டு விநாடி கழித்து லோகோவைத் தட்டினாள். சட்டென்று இசை ஆரம்பித்தது. அவள் கை தன்னால் போய் ஸ்பீக்கரை மூடியது. பக்கத்து மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இசையை நிறுத்தும் பொத்தானைத் தேடினாள், கிடைக்கவில்லை, போனின் சத்தத்தையே குறைத்துவிட்டாள். அப்புறம் வழக்கம்போல விரலால் மேலே தள்ளினாள். பக்கம் நகரவில்லை. உங்கள் கேலரி பக்கவாட்டில் நகரும் என்று அவளுக்கு யார் சொல்வது? இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, “லோடு ஆகலை மேடம்” என்று போனை என்னிடம் நீட்டினாள். மழைக் கண்ணாடிப் படத்தை அவள் பார்க்கவே இல்லை.

இதே சோதனையை நீங்களும் செய்யலாம். தளங்கள் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்: ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்பார். ஐந்து பேர் போதும், ஆனால் கேமரா தூக்குகிறவர்கள் யாரும் அந்த ஐவரில் வேண்டாம். உங்கள் நண்பர்கள் பாராட்டியது பொய் இல்லை. அவர்கள் ஒளியைப் பார்க்கிறார்கள், சட்டகத்தைப் பார்க்கிறார்கள், எந்த லென்ஸ் என்று யோசிக்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு லென்ஸ் எதற்கு? அவளுக்குத் தேதி கவலை, பணம் கவலை, “கேமரா முன்னால் நின்றாலே என் முகம் இறுகிவிடுமே” என்ற கவலை. உங்கள் தளம் இன்றைக்கு முழுக்க முழுக்கச் சக கலைஞர்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது. என் ஆலோசனை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

வாசலில் நிற்க வைக்காதீர்கள்

நுழைவுப் பக்கம் என்பது ஃபிளாஷ் (தளங்களில் அசையும் காட்சிகளைக் காட்டிய பழைய மென்பொருள்) காலத்துப் பழக்கம். அப்போது நானும் செய்திருக்கிறேன். ஒரு நகை வடிவமைப்பாளருக்குக் கதவு திறப்பது போல ஒன்று செய்து கொடுத்துவிட்டு, அதைவிட அழகான வேலை உலகத்தில் இல்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாடிக்கையாளர்கள் அந்தக் கதவை எப்படித் தாண்டுவது என்று கேட்டு அவருக்கே போன் செய்தார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. மென்பொருள் போய்விட்டது, வாசலில் காக்க வைக்கும் பழக்கம் மட்டும் புகைப்படக்காரர்களின் தளங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எடுத்துவிடுங்கள். முகவரியைத் திறந்ததும் படம் தெரிய வேண்டும்.

இசையும் போகட்டும். பக்கம் திறந்தவுடன் தானாகச் சத்தம் வருவதை குரோம் உலாவி 2018-லேயே தடுத்துவிட்டது. உங்கள் வடிவமைப்பாளர் அதைச் சுற்றிக்கொண்டு போக, முதல் தட்டலில் இசை வரும்படி வைத்திருக்கிறார். ஒரு உலாவி வேண்டாம் என்று தடுத்த விஷயத்தைக் குறுக்கு வழியில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய சாமர்த்தியம் பாருங்கள். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அது ஒரு திரைப்படத்தின் இசைத் துண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு யாராவது உரிமம் வாங்கினார்களா? உங்கள் படத்தை ஒருவர் கேட்காமல் எடுப்பது திருட்டு என்றால், இதற்கு என்ன பெயர்?

பக்கவாட்டில் நகரும் கேலரியை மேலிருந்து கீழாக மாற்றுங்கள். மெனுவில் இருக்கும் சின்னச் சின்ன வட்டங்களுக்குப் பதிலாக எழுத்தில் போடுங்கள்: படங்கள், கட்டணம், என்னைப் பற்றி, தொடர்புக்கு. பக்கங்களுக்கு “பிம்பங்கள்”, “பயணம்”, “உரையாடல்” என்று கவிதையாகப் பெயர் வைத்திருக்கிறீர்கள். “உரையாடல்” என்பது தொடர்பு எண் இருக்கும் இடம் என்று எனக்கே மூன்றாவது முயற்சியில்தான் புரிந்தது. எழுத்தின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பின் மேல் அடர் சாம்பலில், அதுவும் மெல்லிய எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று வலைத்தள அணுகல்தன்மை விதிகள் சொல்கின்றன. உங்களுடையது 3-ஐக் கூடத் தொடவில்லை. கல்யாணத்துக்குப் பணம் கொடுக்கப் போகிற அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

படத்தின் எடையும் நிறமும்

“நெட் வேகம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறதே, முழு அளவு படம் போட்டால் என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் முகப்பில் இருக்கும் முதல் படம் 6,000-க்கு 4,000 பிக்சல், எடை 9 எம்பி. பத்து எம்பிபிஎஸ் (விநாடிக்குப் பத்து மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) இணைப்பில் அந்த ஒரு படம் இறங்கவே ஏழு விநாடி ஆகும். முகப்பில் இப்படிப் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பெரும்பாலான போன் திரைகளின் அகலமோ 1,080 பிக்சலைச் சுற்றித்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்புகிற பிக்சல்களில் பெரும்பகுதியை அந்தப் பெண்ணின் போன் வாங்கிக் குப்பையில் போடுகிறது.

நீளப் பக்கம் 2,048 பிக்சல், தரம் 75-லிருந்து 80 என்று வைத்து ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யுங்கள். பெரும்பாலான படங்கள் அரை எம்பியைச் சுற்றி வந்து நிற்கும். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத் திரையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவத்தில் கொடுத்தால் எடை இன்னும் குறையும். கீழே இருக்கும் படங்கள் அந்த இடம் வரும்போது இறங்கினால் போதும் என்று தளத்தில் சொல்லி வைக்கலாம், ஒரே ஒரு சொல் சேர்க்கிற வேலை அது. ஆனால் முதல் படத்துக்கு அதைப் போட்டுவிடாதீர்கள், அது தாமதமாகத்தான் தெரியும்.

அப்புறம், “என் கணினியில் நன்றாக இருக்கிற தோல் நிறம் மற்றவர்கள் போனில் வெளுத்துப் போய்த் தெரிகிறது” என்று எழுதியிருந்தீர்களே, அதற்குப் போன் காரணம் இல்லை. நீங்கள் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற வரம்பில் வேலை செய்து அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். தளம் படத்தைச் சுருக்கும்போது அதில் இருந்த நிறக் குறிப்பை வெட்டிவிட்டது. குறிப்பு இல்லாத படத்தை உலாவி, திரைகளுக்கான வழக்கமான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், நிறம் செத்துவிடும். ஏற்றுமதி செய்யும்போதே எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. வாடிக்கையாளர் இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார். “அவர் எடுத்தா கொஞ்சம் டல்லா இருக்கும் போல” என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

214 படங்கள் ஏன் போதவில்லை

உங்கள் கேலரியில் 214 படம் இருந்தும் வாடிக்கையாளர் தேடுவது அதில் இல்லை. அத்தனையும் உச்சப் படங்கள். நூறு கல்யாணங்களிலிருந்து இரண்டு இரண்டாகப் பொறுக்கியவை. பார்க்கிறவர் மனதில் ஓடுவது வேறு: மண்டபத்தில் வெளிச்சம் மோசமாக இருந்தால் என்ன செய்வார்? முப்பது பேர் நிற்கும் குரூப் படத்தில் எல்லோர் முகமும் தெரியுமா? ஒல்லியாக இல்லாதவர்களை எப்படி எடுப்பார்? கேமராவைப் பார்த்தாலே முறைக்கும் மாமாவை? ஒரே ஒரு நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, எழுபது எண்பது படமாகப் போடுங்கள், சுமாரான வெளிச்சத்தில் எடுத்ததையும் சேர்த்து. அப்படி முழு ஆல்பம் மூன்று இருந்தால் போதும். முகப்பில் இருபது படம். மீதியைத் தயங்காமல் எடுங்கள். உங்களுக்கு எது விருது வாங்கித் தந்தது என்பதைவிட, எதைப் பார்த்து “எங்க வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்காங்க” என்று ஒருவர் சொல்வார் என்பதுதான் இங்கே கணக்கு.

“என்னைப் பற்றி” பக்கத்தில் உங்களை “ஒளியின் யாத்ரீகன்” என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். கூடவே ஒரு படம். அதில் கேமராவுக்குப் பின்னால் முகம் ஒளிந்திருக்கிறது. பிறர் முகத்தைப் படம் பிடித்தே பிழைப்பவர்களில் இத்தனை பேர் தன் முகத்தைக் காட்ட ஏன் வெட்கப்படுகிறீர்கள் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. ஒரு நாள் முழுக்க மணமகள் அறையின் வாசலில் நிற்கப் போகிற ஆள் யார் என்று குடும்பத்துக்குத் தெரிய வேண்டாமா? முகம் தெரிகிற படம் ஒன்று, நீங்களே பேசுவது போல ஆறேழு வரி. இரண்டாவது ஆள் உதவிக்கு வருவாரா, எத்தனை நாளில் படம் தருவீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கட்டணத்தை வெளியே போடலாமா?

போடலாம். கட்டணத்தை மறைத்தால் ஆள் நேரில் பேச வருவார், பேசினால் சம்மதிக்க வைத்துவிடலாம் என்பது உங்கள் நம்பிக்கை. நடப்பது அது இல்லை. விலை எழுதாத இடத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் “நமக்குக் கட்டுப்படியாகாது” என்று தாங்களே முடிவு செய்துகொண்டு போய்விடுவார்கள். விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு, அவர்கள் கேட்கவே மாட்டார்கள். போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயமும் வேண்டாம். அவருக்கு வேண்டுமென்றால் ஒரு பொய்ப் பெயரில் மெயில் போட்டு இன்றைக்கே தெரிந்துகொள்வார்.

எப்படிப் போடுவது என்பதில்தான் யோசனை வேண்டும். முழு விலைப் பட்டியல் போட்டால் தெளிவு இருக்கும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு வரியையும் பிடித்துப் பேரம் நடக்கும். “இவ்வளவிலிருந்து ஆரம்பம்” என்று ஒரே எண் போடுவது எளிது. ஆனால் அந்த எண்ணுக்கு யாருமே உங்களை புக் செய்வதில்லை என்றால் அது தூண்டில். கடைசியில் இரண்டு மடங்கு கேட்கும்போது கெட்ட பெயர்தான் மிஞ்சும். உங்கள் வேலைக்கு நான் சொல்வது: ஆரம்பத் தொகை, அதில் எத்தனை மணி நேரம், எத்தனை படம், ஆல்பம் உண்டா இல்லையா, அதற்குக் கீழே “பெரும்பாலானோர் எடுப்பது இது” என்று நடுத்தரமான ஒன்று. இரண்டே பத்தி. தொகை கேட்டு ஓடுகிறவர் எப்படியும் ஓடப் போகிறவர்தான், உங்கள் ஒரு மணி நேரப் பேச்சு மிச்சம். விளம்பர நிறுவனங்களுக்குப் படம் எடுக்க ஆரம்பித்தீர்கள் என்றால் கதை வேறு. அங்கே படம் எங்கே, எத்தனை காலம் பயன்படும் என்பதைப் பொறுத்துத்தான் தொகை. அப்போது, எதையெல்லாம் பொறுத்துத் தொகை மாறும் என்று எழுதினால் போதும்.

வாட்டர்மார்க்கும் ரைட் கிளிக்கும்

மணப்பெண்ணின் கன்னத்தில் உங்கள் லோகோ உட்கார்ந்திருக்கிறது. வாட்டர்மார்க் திருடனைத் தடுக்கும் என்று நினைக்கிறீர்கள். இன்றைக்கு இருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு அதை அழிப்பது பெரிய வேலையே இல்லை. உண்மையில் அது தொந்தரவு செய்வது, உங்கள் படத்தை ரசிக்க வந்தவரை மட்டும்தான். ரைட் கிளிக்கைத் தடுத்திருப்பதும் அப்படியே. ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. ஒரு ஆல்பத்தை வேறு டேப்பில் திறந்து ஒப்பிட நினைக்கும் வாடிக்கையாளரைத்தான் தடுக்கும்.

நிஜமான பாதுகாப்பு அளவில் இருக்கிறது. 2,048 பிக்சல் படத்தை ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சடித்தால் ஏழு அங்குலம்கூட வராது. சுவரில் மாட்டுகிற பெரிய அச்சுக்கு அது உதவாது. படத்தின் தகவல் பகுதியில் உங்கள் பெயர், காப்புரிமை வரி, தொடர்பு முகவரி மூன்றையும் எழுதி வையுங்கள். சமூக ஊடகங்கள் பலவும் அதை வெட்டிவிடும் என்றாலும், எழுதி வைப்பதில் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. கேமரா பதிவு செய்த மூல ரா கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்; நாளைக்கு வழக்கு என்று வந்தால் படம் உங்களுடையது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மனம் கேட்கவில்லை என்றால் ஓரத்தில் சின்னதாகப் பெயர் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

அந்தக் குழந்தையின் படம்

இதை இன்றைக்கே எடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

“நான் எடுத்த படம், உரிமை என்னுடையது” என்பதில் இரண்டு விஷயம் கலந்துவிட்டது. முதலாவது காப்புரிமை. அதிலேயே நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. எடுத்தவருக்கே சொந்தம் என்று சொல்லும் சட்டங்களும் இருக்கின்றன; பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பணம் கொடுத்தவருக்குத்தான் முதல் உரிமை என்று சொல்லும் சட்டங்களும் இருக்கின்றன. உங்கள் இடத்தில் எது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, படத்தில் இருப்பவரின் அந்தரங்க உரிமை. காப்புரிமை உங்கள் கையில் இருந்தாலும், அந்தக் குழந்தையின் முகத்தை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்த அது அனுமதி ஆகிவிடாது. எடுக்கச் சொல்லி ஒரு தாய் எழுதிய பிறகும் மூன்று வாரம் வைத்திருப்பது உங்களுக்குச் சாதகமாகப் பேசாது. சட்டத்தை விடுங்கள், அந்தத் தாய்க்குத் தெரிந்த குடும்பங்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

தளத்திலிருந்து நீக்கினாலும் கூகுள் தேடலில் கொஞ்ச நாள் தெரியும். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நீக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது சுமார் ஆறு மாதம் மறைத்து வைக்கும், அதற்குள் தேடுபொறி உங்கள் தளத்தை மறுபடி பார்த்துப் படம் இல்லை என்று தெரிந்துகொள்ளும். செய்துவிட்டு அந்த அம்மாவுக்கு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

அப்படியே மற்றப் படங்களையும் ஒரு பார்வை பாருங்கள். கோப்பின் பெயரிலேயே குடும்பத்தின் பெயர் இருக்கிறது. வீட்டில் போய் எடுத்த சில படங்களில் ஜிபிஎஸ் குறிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் முகமும் அது குடியிருக்கும் வீட்டின் இருப்பிடமும் ஒரே கோப்பில். ஏற்றுமதி செய்யும்போது இருப்பிடத் தகவலை நீக்கு என்ற ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போய்விடும். இனிமேல் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி வையுங்கள்: தளத்தில் போடலாம், போடக் கூடாது, முகம் தெரியாதவை மட்டும் போடலாம். மூன்றில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கேட்டுப் பாருங்கள், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மறுக்க மாட்டார்கள்.

டொமைன் யார் பெயரில்?

புது லுக்குக்குச் சரி என்றோ இல்லை என்றோ சொல்வதற்கு முன்னால் இதை முடியுங்கள். டொமைன் அவர் பெயரில், அவர் மெயிலில் இருக்கும் வரை சட்டப்படி அந்த முகவரியை ஆள்பவர் அவர்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் புதுப்பிக்க மறந்தாலும், தொழிலை விட்டாலும், போன் எடுக்காவிட்டாலும் உங்கள் விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி போய்விடும். டொமைன்களைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தில் நீங்கள் சொந்தமாக ஒரு கணக்குத் தொடங்குங்கள். “டொமைனை என் கணக்குக்கு மாற்றித் தாருங்கள்” என்று அவருக்குச் சுமுகமாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) கடவுச்சொல், மூலக் கோப்புகள், எழுத்துரு உரிமம், பார்வையாளர் எண்ணிக்கைக் கணக்கு எல்லாவற்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். முன்பு நீங்கள் பணம் கொடுத்த ரசீது, பேசிக்கொண்ட செய்திகள் இருந்தால் எடுத்து வையுங்கள். மாற்றம் முடிந்த பிறகு வேலையைப் பற்றிப் பேசுங்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

முழுவதும் மாற்றவா?

வேண்டாம், இப்போதைக்கு. நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி எடுக்கிற வேலை. நுழைவுப் பக்கம், இசை, வாட்டர்மார்க், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எடுப்பதற்குப் புது வடிவமைப்பு தேவையில்லை. நாலைந்து மாலை நேரம் உட்கார்ந்தால் முடியும். கேலரியின் திசையை மாற்றவும் எழுத்து நிறத்தை மாற்றவும் மட்டும் வடிவமைப்பாளருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். மூன்று மாதம் பாருங்கள். அப்போதும் நகரவில்லை என்றால், புகைப்படக்காரர்களுக்கென்றே ஆயத்தமாக இருக்கும் தள வார்ப்புகளில் ஒன்றுக்கு மாறுவதை யோசிக்கலாம். அவை எல்லோருடையதையும் போலத்தான் இருக்கும், மாதக் கட்டணம் உண்டு, விட்டு வெளியே வருவதும் சிரமம். ஆனால் போனில் ஒழுங்காகத் திறக்கும்.

சமூக ஊடகம் இருக்கும்போது தளமே எதற்கு என்று கடைசியில் விரக்தியில் கேட்டிருக்கிறீர்கள். அங்கே உங்களைக் கண்டுபிடிப்பார்கள். பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க இங்கே வருவார்கள். இரண்டும் வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. உங்கள் படிவத்தில் பதினான்கு கட்டங்கள், அதில் பதினொன்று கட்டாயம். பட்ஜெட் எவ்வளவு என்பதும் கட்டாயம். தன் விலையைச் சொல்லாதவர் என் பணத்தை மட்டும் கேட்கிறாரே என்றுதான் தோன்றும். பெயர், தேதி, போன் அல்லது மெயில், ஒரு வரிச் செய்தி, இது போதும். பக்கத்தின் மேலேயே போன் எண்ணும் இருக்கட்டும், தொட்டால் அழைப்பு போகிற மாதிரி.

போன வார செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பதினான்கையும் நிரப்பி நானே ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். “ஜூன் 14-ஆம் தேதி காலியா?” என்று கேட்டிருந்தேன். அனுப்பியதும் பக்கம் மேலே போய் நின்றது. வந்து சேர்ந்தது என்றோ சேரவில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. இன்றோடு ஒன்பது நாள், பதில் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருந்த முகவரிக்கு நேராக எழுதியபோது அரை மணி நேரத்தில் பதில் போட்டீர்கள். ஆக, நீங்கள் பதில் போடாத ஆள் இல்லை. உங்கள் படிவம், வாடிக்கையாளரின் மெயில் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டு அனுப்புகிறது. மெயில் உண்மையில் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிமார்க் போன்ற சரிபார்ப்புகளுக்கு அது வேறொருவர் பெயரில் வந்த போலிக் கடிதம் மாதிரிதான் தெரியும். சிலருடையது தப்பி வரும், பலருடையது ஸ்பாமுக்குப் போகும், சிலருடையது அங்கேகூட வராது. அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியும், பதில் போக வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் முகவரியும் இருக்க வேண்டும். வடிவமைப்பாளரிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.

அதற்கு முன்னால் ஸ்பாம் கோப்புறையைத் திறந்து என்னுடைய ஜூன் 14-ஐத் தேடுங்கள். கிடைத்தால், அதற்கு மேலேயும் கீழேயும் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பழையவை தானாக அழிந்திருக்கும், கடைசி ஒரு மாதத்தவை இருக்கலாம். அவற்றில் நிகழ்ச்சித் தேதி தாண்டாதவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் இன்றைக்கே போன் செய்யுங்கள்.